ரிலே விழுந்தும் நிற்காத மோட்டார்

(வானொலியில் ஒலிபரப்பான வேளாண் உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நேரத்தில் உரத்தைப் பற்றியோ, வாழையில் வருகிற வாடல் நோயைப் பற்றியோ உங்களோடு பேசுவேன். இன்றைக்கு ஒரு மாறுதலாக, நம் பம்புசெட் அறைச் சுவரில் தொங்குகிற ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னப் பொருளின் பழைய கதையைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். ஓவர்லோடு ரிலே என்கிறோமே, அதற்குள் இருக்கிற ஒரு ஜோடி காண்டாக்ட். சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. அந்தக் காண்டாக்டை மின் இணைப்புப் படத்தில் எந்த இடத்தில் போடுவது என்பதில் உலகத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வழக்கம் இருந்து வந்திருக்கிறது. படம் போடுவது ஒயர்மேன் பாடு, நமக்கென்ன என்று உங்களுக்குத் தோன்றும். நான் படித்தது பி.எஸ்சி. வேளாண்மை, எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முத்தையாபுரத்துப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்தில் மோட்டார் எரிந்த பிறகுதான் அந்த எண்ணம் மாறியது.

இரண்டு கோடைக்கு முன்னால் நடந்தது. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில் முத்தையாபுரம் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் உப்பளமும் கடலும், மறு பக்கம் தாமிரபரணித் தண்ணீரை நம்பி வாழை. அந்த வாழைக்காரர்களில் ஒருவர், வயதில் எனக்கு மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் காலையில் போன் பண்ணினார். "சார், மோட்டார் எரிஞ்சு போச்சு. கொஞ்சம் வந்து பாருங்க." மோட்டாருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் குலை தள்ளுகிற நேரத்து வாழை 800 நிற்கிறது, போகாமல் இருக்க முடியுமா?

போய்ப் பார்த்தேன். அறைக்குள் வார்னிஷ் கருகிய வாடை. ராத்திரியில் மூன்று பேஸில் ஒன்று போயிருக்கிறது. மிச்சம் இரண்டு பேஸிலேயே மோட்டார் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. இதெல்லாம் எங்கேயும் நடப்பதுதான். ஆனால் அண்ணாச்சி பெட்டியைத் திறந்து ஒன்றைக் காட்டினார். ரிலேயின் பொத்தான் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அதாவது, சூடு கூடியதும் ரிலே தன் வேலையைச் செய்து விழுந்திருக்கிறது. மோட்டார் மட்டும் நிற்கவில்லை. மெயினில் ஃபியூஸ் போகிற வரைக்கும் ஓடியிருக்கிறது.

"ரிலே விழுந்துதான் கெடக்கு. மோட்டாரும் எரிஞ்சுதான் கெடக்கு. இது என்ன கணக்கு சார்?" என்றார். எனக்கு பதில் தெரியவில்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் சொன்னதையும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இப்போது சொல்கிறேன். அண்ணாச்சியின் கேள்விக்குக் கொஞ்சம் பொறுத்து வருவோம். அதற்கு முன்னால் இந்த ரிலே எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

நம் தாத்தா காலத்தில் கமலைதான். மாடு களைத்தால் தானே நின்றுவிடும். அதற்கு ரிலே தேவையில்லை. பிற்பாடு ஆயில் எஞ்சின் வந்தது. பாரம் கூடினால் அதுவும் புகையைக் கக்கி, திணறி, நின்று போகும். மின்சார மோட்டாருக்கு அந்தக் குணம் கிடையாது. பாரம் கூடக் கூட அது கூடுதல் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, தான் எரிகிற வரைக்கும் உழைக்கும். உண்மையான வேலைக்காரன்தான், ஆனால் தன் உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன். அவனுக்காக வேறொருவர் பார்க்க வேண்டும்.

மாறுமின் மோட்டாருக்கு 1888-ல் டெஸ்லா அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அடுத்த வருசமே ஜெர்மனியில் தொலிவோ-தொப்ரவோல்ஸ்கி என்ற பொறியாளர், இன்றைக்கு நம் கிணற்றில் ஓடுகிற மூன்று பேஸ் மோட்டாரின் மூதாதையைச் செய்துவிட்டார். நம் பக்கம் அது வர இன்னும் நாள் பிடித்தது. சென்னை மாகாண அரசு 1927-ல் மின்சாரத்துக்கென்று தனி இலாகா வைத்தது. நீலகிரியில் பைக்காரா மின்சாரம் 1932-ல் வந்தது, மேட்டூர் 1937, நம் பாபநாசம் 1944. பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூர்க் கிணறுகளின் தலையெழுத்தையே மாற்றியது. அந்தக் கோயம்புத்தூரில்தான் 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்தார்கள். 1957-ல் மின்சார வாரியம் ஏற்பட்டது. அதற்கப்புறம் கிராமம் கிராமமாகக் கம்பம் நட்டு, பம்புசெட் பெருகியது. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம் ஆயிற்று. மின்சாரம்தான் இலவசம்; மோட்டாருக்குக் காயில் கட்டுவது இலவசம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

மோட்டாரைக் காப்பாற்ற ஃபியூஸ் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. 5 குதிரைச் சக்தி மோட்டார் முழுப் பாரத்தில் சுமார் 7 அல்லது 8 ஆம்பியர் எடுக்கும். ஆனால் நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்புகிற அந்த நிமிஷத்தில் ஆறு ஏழு மடங்கு, அதாவது 45 ஆம்பியருக்குக்கூட இழுக்கும். அதைத் தாங்குகிற கனத்தில் ஃபியூஸ் போட்டால், பிறகு மோட்டார் 11, 12 ஆம்பியர் எடுத்துக்கொண்டு மெல்ல வெந்தாலும் அது உருகாது. மெல்லியதாகப் போட்டால் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் போய்விடும். ஆகவே, கொஞ்ச நேரம் பொறுக்கவும் தெரிந்து, ரொம்ப நேரம் பொறுக்காமல் இருக்கவும் தெரிந்த காவல்காரன் ஒருவன் வேண்டியிருந்தது.

அந்தக் காவல்காரன் கடலில் பிறந்தவன் என்றால் நம்புவீர்களா? கப்பலில் போகிறவனுக்குத் தான் கிழக்கு மேற்காக எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று தெரிய, நேரம் தப்பாத கடிகாரம் தேவைப்பட்டது. வெயிலிலும் குளிரிலும் கடிகாரத்தின் ஓட்டம் மாறிவிடும். இங்கிலாந்தில் ஜான் ஹாரிசன் என்று தச்சு வேலை பழகிய ஒருவர், பித்தளைப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் ஒன்றாகச் சேர்த்து அறைந்தார். சூடு பட்டால் பித்தளை கூடுதலாக நீளும், எஃகு குறைவாக நீளும், பட்டை வளையும். அந்த வளைவை வைத்துக் கடிகாரத்தின் ஓட்டத்தைச் சரிக்கட்டினார். 1759-ல் அவர் முடித்த மூன்றாவது கப்பல் கடிகாரத்தில் அது இருக்கிறது. அதே இரட்டை உலோகப் பட்டைதான் இன்றைக்கு உங்கள் ரிலேக்குள் மோட்டார் மின்சாரத்தின் சூட்டில் வளைந்து, ஒரு சின்ன நெம்புகோலைத் தள்ளி, காண்டாக்டைத் திறக்கிறது. 5 சதவீதம் கூடினால் பொறுத்துக்கொள்ளும். 20 சதவீதம் கூடினால் 2 மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பது இப்போதைய விதி. இரட்டைப் பட்டை பரவலாவதற்கு முன்னால் எண்ணெய்க் குப்பிக்குள் மூழ்கிய இரும்புத் தண்டை மின்காந்தம் மேலே இழுக்கிற வகையும் இருந்தது. பழைய ஸ்டார்ட்டர்களைப் பார்த்த பெரியவர்களுக்கு அது நினைவிருக்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ரிலேக்குள் இரண்டு பாதை உண்டு. மோட்டாருக்குப் போகிற கனத்த மின்சாரம் பட்டையைச் சூடாக்கிக்கொண்டு ஒரு வழியாகப் போகிறது. அது மோட்டாரை நிறுத்தாது. நிறுத்துவது மெல்லிய பாதையில் இருக்கிற அந்தச் சின்னக் காண்டாக்ட். ஸ்டார்ட்டரைப் பிடித்து வைத்திருக்கிற காயிலுக்குப் போகிற மின்சாரத்தை அது அறுக்கும். காயில் விட்டால் ஸ்டார்ட்டர் விழும், மோட்டார் நிற்கும். ஆகவே காயிலுக்கும் இந்தக் காண்டாக்டுக்கும் உள்ள உறவில்தான் எல்லாமே இருக்கிறது.

ஆதியில் அந்த உறவு வேறு மாதிரி இருந்தது. நேர்மின் மோட்டாருக்கு ஒரு கைப்பிடி ஸ்டார்ட்டர் உண்டு. பாலிடெக்னிக் ஆய்வுக்கூடங்களில் இன்றும் பார்க்கலாம். அதில் கைப்பிடியை ஒரு காந்தக் காயில் பிடித்து வைத்திருக்கும். பாரம் கூடினால் இன்னொரு காந்தம் ஒரு தகட்டைத் தூக்கி, அந்தக் காயிலின் இரண்டு முனையையும் சேர்த்து முட்ட வைக்கும். மின்சாரம் காயிலை விட்டுச் சுற்றுவழியில் போய்விடும், கைப்பிடி ஸ்பிரிங்கால் திரும்பும். அதாவது காண்டாக்ட் மூடினால் மோட்டார் நிற்கும் ஏற்பாடு. யோசித்துப் பாருங்கள், நம் கடற்கரையில் உப்புக் காற்றில் ஒரு வருசம் சும்மா கிடந்த காண்டாக்ட், தேவைப்படுகிற அன்றைக்குச் சுத்தமாக மூடும் என்று யார் உத்தரவாதம் தருவது? நடுவில் களிம்பு ஏறியிருக்கும். கம்பி அறுந்திருந்தாலும் வெளியே தெரியாது. நம் மோட்டார்களுக்கு வந்த ஸ்டார்ட்டரில் இந்த ஏற்பாடு திருப்பிப் போடப்பட்டது. காண்டாக்ட் எப்போதும் மூடியே இருக்கும்; காயிலுக்குப் போகிற மின்சாரமே அதன் வழியாகப் போகும்; பாரம் கூடினால் திறக்கும். அங்கே களிம்பு ஏறினாலும், கம்பி அறுந்தாலும் மோட்டார் ஓடாது. பழுது வந்தால் ஓடாமல் இருப்பது நல்லதா, நிற்காமல் இருப்பது நல்லதா? அண்ணாச்சியைக் கேட்டால் சொல்வார்.

சரி, காயிலோடு ஒரே வரிசையில் காண்டாக்டைப் போடுவது என்று முடிவாயிற்று. வரிசையில் எங்கே? காயிலுக்கு முன்னாலா, பின்னாலா? இங்கேதான் அமெரிக்கரும் ஐரோப்பியரும் பிரிந்து போனார்கள்.

வானொலியில் படம் காட்ட முடியாது. ஆகவே ஒரு குச்சியை எடுத்துத் தரையில் நீங்களே கோடு போடுங்கள். மேலிருந்து கீழாக இரண்டு நெட்டுக் கோடு. இடது கோடு பேஸ், வலது கோடு நியூட்ரல். இரண்டுக்கும் நடுவே ஏணிப்படி மாதிரி ஒரு குறுக்குக் கோடு. அந்தக் குறுக்குக் கோட்டில் இடமிருந்து வலமாக, முதலில் ஒரு புளியங்கொட்டை வையுங்கள், அது ஸ்டாப் பொத்தான். அடுத்து ஒரு வேப்பங்கொட்டை, அது ஸ்டார்ட் பொத்தான். அடுத்து ஒரு ஓட்டுச்சில்லு, அது காயில். கடைசியாக ஒரு சிப்பி, அதுதான் ரிலேயின் காண்டாக்ட். சிப்பிக்கு அடுத்து வலது கோடு. இது அமெரிக்காவின் பழைய வழக்கம். அவர்கள் போட்ட ஏணிப் படங்களில் ஓட்டுச்சில்லுக்கு வலப்பக்கம் ஒரு சிப்பி, சில படங்களில் வரிசையாக மூன்று சிப்பி இருக்கும்.

இப்போது அந்தச் சிப்பியை எடுத்து இடது ஓரத்தில், புளியங்கொட்டைக்கும் முன்னால் வையுங்கள். ஓட்டுச்சில்லின் வலது முனை நேராக நியூட்ரல் கோட்டைத் தொடட்டும். இது ஐரோப்பிய வழக்கம். அவர்கள் படத்தில் கோடு மேலிருந்து கீழே இறங்கும். ரிலே காண்டாக்ட் உச்சியில், காயில் எல்லாம் அடியில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும். அந்தக் காண்டாக்டின் இரண்டு முனைக்கும் 95, 96 என்று எண் போட்டிருப்பார்கள். உங்கள் ரிலேயிலும் அந்த எண் இருக்கும், பாருங்கள். பக்கத்தில் 97, 98 என்று இன்னொரு ஜோடி இருக்கும். அது விழும்போது மூடுகிற காண்டாக்ட்; விளக்கு எரியவோ மணி அடிக்கவோ மட்டும்தான் அது.

அமெரிக்கர் ஏன் பின்னால் போட்டார்கள்? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் ஸ்டார்ட்டரில் ரிலே, காயிலுக்கு அடியிலேயே ஒட்டிப் பொருத்தப்பட்டிருந்தது. காயிலின் ஒரு முனையை ரிலேக்கு முழங்கை நீளம்கூட இல்லாத கம்பியால் தொழிற்சாலையிலேயே இணைத்து அனுப்பிவிடுவார்கள். வாங்குகிறவர் ஸ்டாப், ஸ்டார்ட் கம்பிகளை மட்டும் இணைத்தால் போதும். பெட்டிக்குள் இருந்ததைத்தான் படத்தில் போட்டார்கள். அதில் குற்றமில்லை.

மின்சாரக் கணக்குப்படி பார்த்தால் சிப்பி முன்னால் இருந்தால் என்ன, பின்னால் இருந்தால் என்ன, எங்கே திறந்தாலும் ஓட்டம் அறுந்துதானே போகும்? கம்பி நன்றாக இருக்கிற வரைக்கும் அது சரிதான். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வடகாலில் தண்ணீர் வாங்குகிற உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதே இல்லை. ஒரு வாய்க்காலின் நடுவில் தண்ணீர்ச் சக்கரம் ஒன்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைமடையை அடைத்தால் வாய்க்கால் வற்றிவிடும், சக்கரம் நிற்கும். கடைமடையில் அடைத்தாலும் ஓட்டம் நின்று சக்கரம் நிற்கும்தான்; ஆனால் வாய்க்கால் நிறைய தண்ணீர் நிற்குமே! சக்கரத்துக்கும் கடைமடைக்கும் நடுவில் கரை உடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? கடைமடை அடைத்தபடியே இருக்கும், தண்ணீர் உடைப்பு வழியாக ஓடும், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

காயிலுக்கும் பின்னால் போட்ட ரிலேக்கும் நடுவில் இருக்கிற கம்பி தரையைத் தொட்டால் அதுதான் நடக்கும். நியூட்ரல் என்பது டிரான்ஸ்ஃபார்மரில் பூமியோடு சேர்த்த கம்பி. ஆகவே பூமியைத் தொட்டாலே நியூட்ரலைத் தொட்ட மாதிரிதான். ரிலே விழும், சிப்பி திறக்கும், ஆனால் காயிலுக்கு மண் வழியே பாதை கிடைத்துவிடும். சிப்பி முன்னால் இருந்து, காயிலின் மறுமுனை நேராக நியூட்ரலுக்குப் போயிருந்தால் கதை வேறு. அப்போது முன்பக்கக் கம்பி தரையைத் தொட்டால் பேஸும் பூமியும் முட்டி, கட்டுப்பாட்டுச் சுற்றின் ஃபியூஸ் போய், மோட்டார் நின்றுவிடும்.

இதை அமெரிக்கர்களும் அறிவார்கள். அவர்களுடைய தொழிற்கூட இயந்திர மின்விதியில், காயிலின் ஒரு முனை நேராகப் பூமியோடு சேர்ந்த கம்பிக்குப் போக வேண்டும், எல்லாக் காண்டாக்டும் மறு பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, ஓவர்லோடு காண்டாக்டுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். விலக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. காயிலுக்கும் அந்தக் காண்டாக்டுக்கும் நடுவிலுள்ள கம்பி பெட்டியை விட்டு வெளியே போகக் கூடாது. உலகப் பொது விதியிலும் ஏறக்குறைய இதே விலக்கும் நிபந்தனையும் இருக்கிறது.

இனி முத்தையாபுரத்துத் தோட்டத்துக்கு வருவோம். பெரியவர் பெட்டியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இந்த ரெண்டு ஒயரு எங்கவே போகுது?" என்பதுதான். தொட்டிக்குப் போகிறது. சொட்டுநீருக்காகக் கட்டிய தொட்டி நிரம்பினால் மோட்டார் தானே நிற்க மிதவை சுவிட்ச் ஒன்று வைத்திருந்தார்கள். தனித்தனியாகக் காண்டாக்டர், ரிலே வாங்கி உள்ளூரில் செய்த பெட்டி. காயில் 240 வோல்ட், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில். ரிலே காண்டாக்ட் காயிலுக்குப் பின்னால், அமெரிக்கப் படத்தைப் போல. அதுவரை பாதகமில்லை. மிதவை சுவிட்ச் வைத்தவர், கைக்கு எட்டிய கம்பி எதுவென்று பார்த்து, காயிலுக்கும் ரிலேக்கும் நடுவிலிருந்த அந்தக் குட்டிக் கம்பியை அவிழ்த்து, இரண்டு முனையையும் நீட்டி 120 அடி தூரம் தொட்டிக்குக் கொண்டுபோய்விட்டார். விலக்கை எடுத்துக்கொண்டார், நிபந்தனையை விட்டுவிட்டார். அவருக்கு அப்படி ஒரு நிபந்தனை இருப்பதே தெரிந்திருக்காது.

அந்தக் கம்பி ஒரு ரப்பர் குழாய்க்குள் மண்ணில் புதைந்து போகிறது. நடுவில் ஒரு முடிச்சு, மேலே டேப். உப்பளத்துக்குப் பக்கத்து மண், வாழைக்குப் பாய்ச்சிய ஈரம். உப்பும் ஈரமும் சேர்ந்த மண் மின்சாரத்தை எவ்வளவு நன்றாகக் கடத்தும் என்பதை மண் பரிசோதனையில் உவர்ப்புத்தன்மையை அளக்கிற எங்களுக்குத் தெரியும். நாங்கள் உப்பின் அளவைக் கண்டுபிடிப்பதே அந்தக் கடத்தும் திறனை வைத்துத்தான். இப்படிச் சின்னக் காண்டாக்டரின் காயிலைப் பிடித்து வைக்க ஒரு ஆம்பியரில் 20-ல் ஒரு பங்குகூட வேண்டாம். டேப் இற்றுப்போன முடிச்சு வழியாக அந்த அளவு ஒழுகினால் போதும். ஃபியூஸ் போகாது, பொறி பறக்காது, வெளியே ஒரு அடையாளமும் தெரியாது.

அடையாளமே இல்லாமலும் போகவில்லை. பெரியவர் கேட்டார், "தொட்டி எப்பவாவது நெறஞ்சு வழிஞ்சுதா?" அண்ணாச்சி ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "பத்து நாளா வழிஞ்சுது. மிதவைதான் மக்கர் பண்ணுதுன்னு நெனச்சோம். ஸ்டாப்பை அமுக்குனா நின்னுட்டுல்லா, அதான் பெருசா எடுத்துக்கலை" என்றார். ஸ்டாப் பொத்தான் பேஸ் பக்கம் இருந்தது, ஆகவே அது வேலை செய்தது. மிதவையும் ரிலேயும் உடைப்புக்கு அந்தப் பக்கம் இருந்தன, ஆகவே இரண்டும் செத்துக் கிடந்தன. தொட்டி வழிந்த அன்றைக்கே யாராவது கம்பியைப் பார்த்திருந்தால் மோட்டார் பிழைத்திருக்கும். காயில் கட்டி வர 12 நாள் ஆயிற்று. பக்கத்துத் தோட்டத்துக்காரர் குழாய் போட்டுத் தண்ணீர் விட்டதால் வாழை ஒருமாதிரியாகத் தப்பியது. ஆனாலும் அந்த வருசம் குலைகள் சிறுத்துத்தான் போயின.

உங்களில் பலரிடம் இருப்பது கடையில் வாங்கிய ஸ்டார்ட்டர். அதில் காயில் பெரும்பாலும் 415 வோல்ட், இரண்டு பேஸுக்கு நடுவில் இருக்கும். நியூட்ரல் கம்பி வேண்டியதில்லை என்பது அதன் வசதி. அப்போது இரண்டு பக்கமும் பேஸ்தான், தலைமடை கடைமடை என்ற பேச்சே இல்லை. அதனால் ஆபத்தும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். காயில் கம்பி எங்காவது பூமியைத் தொட்டால், ரிலே விழுந்த பிறகும் காயிலுக்கு 240 வோல்ட் கிடைத்துக்கொண்டிருக்கும். 415-ல் அது 58 சதவீதம். ஏற்கனவே பிடித்துக்கொண்டிருக்கிற காண்டாக்டர், மின்னழுத்தம் 75 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் விடலாம் என்றுதான் விதி இருக்கிறது. 58-ல் உங்களுடையது விடுமா, முனகிக்கொண்டே பிடித்திருக்குமா என்பது அதன் ஜாதகத்தைப் பொறுத்தது. இந்த வகை ஸ்டார்ட்டரில் காண்டாக்டை எந்தப் பக்கம் போட்டாலும் முழுக் காவல் கிடையாது. காயில் கம்பியைப் பெட்டியை விட்டு வெளியே இழுக்காமல் இருப்பதுதான் வழி. வீட்டிலிருந்தே போட, அணைக்க என்று 415 வோல்ட் கம்பியைப் புடலைப் பந்தல் மேல் இழுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மோட்டாரை விட மனிதருக்குத்தான் ஆபத்து.

மூன்று சிப்பி என்று சொன்னேனே, அதற்கும் ஒரு காரணம் உண்டு. முன்பெல்லாம் மூன்று பேஸில் இரண்டுக்கு மட்டும் ரிலே பட்டை வைத்தால் போதும் என்று இருந்தார்கள். மூன்றாவதில் கூடினால் மற்ற இரண்டில் ஒன்றிலும் கூடத்தானே செய்யும் என்ற கணக்கு. ஆனால் டிரான்ஸ்ஃபார்மருக்கு மேலே 11,000 வோல்ட் பக்கத்தில் ஒரு ஃபியூஸ் போனால், கீழே மோட்டாருக்கு வருகிற மூன்று கம்பியில் ஒன்றில் மட்டும் மற்றதைப் போல் இரண்டு மடங்கு ஓடும். அந்தக் கம்பியில் பட்டை இல்லாவிட்டால் தீர்ந்தது. அமெரிக்காவில் 1971-ல் மூன்றுக்கும் வேண்டும் என்று விதி செய்தார்கள். தனித்தனி ரிலேயாக மூன்றை வைத்தபோது ஒவ்வொன்றின் காண்டாக்டையும் வரிசையாகப் படத்தில் போட்டார்கள். இப்போது வருகிற ரிலேயில் மூன்று பட்டையும் ஒரே காண்டாக்டைத் தள்ளும்.

ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் ரிலே பெரும்பாலும் மோட்டாரின் உட்சுற்றுப் பாதையில் இருக்கும். அங்கே ஓடுவது மொத்த மின்சாரத்தில் 58 சதவீதம்தான். மோட்டார் தகட்டில் 14 ஆம்பியர் என்றிருந்தால் ரிலேயை 8-ல் வைக்க வேண்டும். 14-ல் வைத்துவிட்டு ரிலே விழவே இல்லை, நல்ல ரிலே என்று மெச்சிக்கொள்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

ரிலேயை ஊமையாக்குகிற வித்தைகளில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. மும்முனை மின்சாரத்தை முறை வைத்து விட்ட காலத்தில், இரண்டு பேஸ் வரும் நேரத்திலும் கண்டன்சர் போட்டு மோட்டாரை ஓட்டினோம். ரிலே விழுந்துகொண்டே இருக்கும் என்பதால் 95-ஐயும் 96-ஐயும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிட்டோம். தீக்குச்சியைச் செருகி வைத்ததும் உண்டு. பயிர் காய்கிறவன் நியாயம் பேச முடியாது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் துண்டுக் கம்பி இன்னும் எத்தனையோ பெட்டிகளில் அப்படியே கிடக்கிறது. உங்கள் பெட்டியில் இருக்கிறதா என்று ஒயர்மேனைக் கூப்பிட்டு, மெயினை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாகக் கை வைக்க வேண்டாம். அப்படியே மோட்டாரை ஓடவிட்டு ரிலேயின் சோதனைப் பொத்தானையும் அவரையே தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதே வினாடியில் மோட்டார் நிற்க வேண்டும். மழைக்காலத்தில், மண் ஈரமாக இருக்கும்போது பார்ப்பது நல்லது. காய்ந்த மண்ணில் ஒழுக்கு ஒளிந்துகொள்ளும்.

அண்ணாச்சியின் பெட்டியைப் பெரியவர் மாற்றிக் கொடுத்தார். ரிலே காண்டாக்ட் முதலில், அடுத்து மிதவை, அடுத்து ஸ்டாப், ஸ்டார்ட், கடைசியில் காயில், அதன் மறுமுனை நேராக நியூட்ரலுக்கு. பேஸ் பக்கத்தில் 2 ஆம்பியரில் ஒரு சின்ன ஃபியூஸ். தொட்டியில் கை வைக்கிற இடத்துக்கு 240 வோல்ட் போவது அவருக்குப் பிடிக்கவில்லை; 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கி வைக்கச் சொன்னார். அண்ணாச்சி அடுத்த குலை வெட்டட்டும் என்றார். படத்தை ஒரு அட்டையில் வரைந்து, பிளாஸ்டிக் உறை போட்டு, பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டினோம். புதைத்த பழைய கம்பியை மாற்றச் சொன்னதை மட்டும் அவர் செய்யவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் போன் வந்தது. "சார், என்ன மாத்திக் குடுத்தீங்க? முன்னால நிக்கத்தான் மாட்டேன்னுது, இப்ப ஓடத்தான் மாட்டேங்கு." போய்ப் பார்த்தால் அந்தச் சின்ன ஃபியூஸ் போயிருந்தது. புதுசு போட்டோம், அதுவும் போயிற்று. மண்வெட்டியை எடுத்து, தொட்டிக்குப் போகிற கம்பி நெடுகத் தோண்டினோம். 70 அடி தாண்டி, அந்தப் பழைய முடிச்சு பச்சைக் களிம்பு பூத்து, சேற்றுக்குள் கிடந்தது. அன்று சாயங்காலமே அண்ணாச்சி தூத்துக்குடிக்குப் போய் முடிச்சில்லாத புதுக் கம்பியும் பி.வி.சி. குழாயும் வாங்கி வந்தார். 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கினீர்களா என்று கேட்டேன். "அது அடுத்த குலைக்கு சார்" என்றார்.